பூட்டிய பிறகு கழுவவும்

வேலைத்தலங்களில் ஓடும் வீடியோவை யாரும் பார்ப்பதில்லை. வருடக்கணக்காக இந்தத் தொழிலில் இருக்கிறவன் சொல்கிறேன், நம்பலாம். சாப்பாட்டு அறையில் ரீவி ஓடிக்கொண்டிருக்கும், ஆட்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கண் போனில் இருக்கும். காது மட்டும் ரீவியில் இருக்கும். அந்தக் காதை நம்பித்தான் நான் என் மென்பொருளைச் செய்தேன்.

இதை நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், காலை விசாரணையில் உங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசினேன். ஆனால் நடந்தது முழுக்க ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் நடந்தது. ஆங்கிலத்தில் சொன்னால் தட்டிக்கழிக்கிறேன் என்று நினைப்பீர்கள். மொழிபெயர்க்க நீங்கள் அழைத்திருக்கும் அம்மா தமிழ்நாட்டுக்காரர் என்று அவர் பேச்சில் விளங்கியது. நல்லவர். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அவருக்கும் அந்தச் சொல் பிடிபடாமல் போகலாம், ஆகவே விளக்கமாக எழுதுகிறேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது, இடையிடையே கையெழுத்துச் சரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் மாக்கஸ். ஸ்காபரோவில் டோர்செட் பார்க் பக்கம் ஒரு மாடிக் குடியிருப்பில் நானும் மனைவி யூஜினியும் இருக்கிறோம். முன்பு ஒரு பெரிய நிறுவனத்தின் கொம்பியூட்டர் பகுதியில் இருந்தேன். அந்த வேலையை அவர்கள் வேறு நாட்டுக்கு அனுப்பினார்கள், என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு சொந்தமாக ஒன்று செய்தேன். ஒரு வேலைத்தலத்தில் பத்து ரீவி இருந்து, பத்தும் ஒரே வீடியோவை வெளியிலிருந்து இழுத்தால் அங்குள்ள நெட்வேர்க் திணறிவிடும். பெரிய கம்பனிகள் அதற்குப் புது வயர், புதுப் பெட்டிகள் என்று ஒரு வீடு வாங்கும் காசு கேட்பார்கள். என்னுடையது வீடியோவை ஒரு தரம் மட்டும் உள்ளே எடுக்கும். பிறகு ஒவ்வொரு ரீவிக்குப் பின்னாலும் பூட்டியிருக்கும் சின்னப் பெட்டிக்கு ஒரு பிரதியைக் கொடுத்துவிடும். பழைய வயர் போதும். ஸ்காபரோவில் அச்சகம், சமையற்கூடம், தையல் வேலைத்தலம் என்று சின்னச் சின்ன இடங்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன். பெரிய இடத்து வசதி சின்ன இடத்துக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதில் எனக்குப் பெருமை இருந்தது, இப்போதும் இருக்கிறது.

மலிவாகக் கொடுப்பதென்றால் ஏதாவது ஒன்றைக் குறைக்கத்தான் வேண்டும். நான் படத்தைக் குறைத்தேன். குரல் முழுமையாக, தெளிவாக வரும். படம் அசையாது, இடையிடையே ஒரு நிற்கும் படம் மாறும். முதலில் சொன்னேனே, ஆட்கள் கேட்கிறார்கள், பார்ப்பதில்லை. ஆகவே யாரும் குறை சொன்னதில்லை.

இராசரத்தினத்தின் வேலைத்தலத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உறைய வைத்த பராட்டாவும் றோல்ஸும் செய்யும் இடம். வேலை செய்கிறவர்கள் எல்லோரும் எங்கள் ஆட்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள். பாதுகாப்பு வீடியோ ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் குரல் போட்டுத் தர முடியுமா என்று இராசரத்தினம் கேட்டார். நான் எழுதினேன், யூஜினி வாசித்தா. கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கிறவ, குரல் கணீரென்று இருக்கும். அந்தப் பெண்களில் பாதிப்பேருக்கு அந்தக் குரல் ஏற்கெனவே பழக்கம். நம்பிக் கேட்டார்கள்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். மா குழைக்கும் மெஷினைக் கழுவும் முன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தி, அந்தச் சுவிட்சில், நாங்கள் ஆழி என்போம், ஒரு மாங்காய்ப்பூட்டைப் போட்டு, அதன் சாவியான திறப்பைக் கழுவுகிறவரே தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். வேறு யாரும் தவறிப்போய் மெஷினை ஓடவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆங்கிலத்தில் அதற்கு 'லொக்' என்று தொடங்கும் ஒரு சொல் உண்டு. நான் அதை அப்படியே தமிழாக்கினேன். யூஜினி வாசித்த வசனம் இது: "கழுவ முன்னர் மெஷினைப் பூட்டுங்கள். பூட்டாமல் ஒருபோதும் கையை உள்ளே வைக்க வேண்டாம்."

மொழிபெயர்க்கும் அம்மா, உங்களுக்கு இதில் பிழை ஒன்றும் தெரியாது. உங்கள் ஊரில் பூட்டுவது என்றால் பூட்டுப் போடுவது. எங்களுக்கும் அந்தப் பொருள் உண்டு. கதவைப் பூட்டுவோம். ஆனால் மேசைக்குக் கால் பூட்டுவோம், சைக்கிளுக்குச் சில்லுப் பூட்டுவோம், ரீவியைச் சுவரில் பூட்டுவோம். பாகம் பாகமாகக் கிடப்பதைப் பொருத்தி முழுதாக்குவது பூட்டுவது. அதற்கு எதிர் கழட்டுவது. ஒரு யாழ்ப்பாணத்தானிடம் மெஷினைப் பூட்டு என்றால் சாவியைத் தேட மாட்டான், திருகாணியைத் தேடுவான். எழுதும்போது எனக்கு அது தோன்றவில்லை. ஆங்கிலத்தை முன்னால் வைத்துக்கொண்டு தமிழ் எழுதினால் சொந்தப் பாஷையே இப்படி ஒளித்து விளையாடும். அந்தப் பூட்டின் படம் வீடியோவில் இருந்ததுதான். ஆனால் சில நொடிதான் வரும். நான் படத்தைக் குறைத்தபோது அது இரண்டு நிற்கும் படங்களுக்கு நடுவில் விழுந்துபோனது. மிஞ்சியது குரல்.

இதுவரை நடந்தது தவறு. தவறு யாருக்கும் வரும். அதை நான் மறைக்கவில்லை.

அந்த மெஷினுக்கு மேலே ஒரு கம்பி மூடி உண்டு. மூடி திறந்திருந்தால் மெஷின் ஓடாது. செய்த கம்பனி வைத்த புத்தி அது. அங்கே வேலை செய்தவர்கள் எத்தனையோ காலமாக மூடியையும் உள்ளே மாவைப் பிசையும் பெரிய கொழுக்கியையும் கழட்டி வைத்துவிட்டுத்தான் கழுவி வந்தார்கள். யாரும் படிப்பிக்காமலே சரியாகத்தான் செய்தார்கள். யூஜினியின் குரல் வந்த பிறகு பூட்டிவிட்டுக் கழுவத் தொடங்கினார்கள். கொழுக்கியைப் பொருத்தி, மூடியை மூடி, மா கொட்டும் வாய்க்குள்ளால் கையை விட்டுத் துடைத்தார்கள். கழட்டி வைக்கும்போது திருகாணிகள் தொலைகின்றன என்று முதலாளி முன்பு சத்தம் போட்டவராம். அதனால்தான் இந்தப் புதுச் சட்டம் என்று தங்களுக்குள் ஒரு நியாயமும் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

ஒருவருக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. அவர் அன்புராசா அண்ணை. மன்னார்ப் பக்கத்து ஆள், அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர். அவர் என்னிடம் கேட்டார்.

கேட்ட நாளைச் சொல்ல வேண்டும். அன்று ஒஷாவாவிலிருந்து தனுஷிகா வந்திருந்தா. அங்கே உறைநிலைச் சாப்பாடு செய்யும் ஒரு பெரிய ஆலையில் ஆட்களுக்குப் பொறுப்பானவ. இங்கே பிறந்த பிள்ளை, கெட்டிக்காரி. அந்த ஆலைக்கும் ஸ்காபரோவிலிருந்து தினமும் வான் வண்டியில் எங்கள் ஆட்கள் போய் வருகிறார்கள். அந்த ஒரு இடம் கிடைத்தால் நான் என் காலில் நின்றுவிடலாம் என்று இருந்தேன். சின்ன இடங்களில் ஓடி ஓடி எனக்கு அலுத்துவிட்டது. இராசரத்தினத்தின் சாப்பாட்டு அறையில் ரீவியின் முன் அவவை இருத்தி, வீடியோவை ஓடவிட்டேன்.

"இட்ஸ் நைஸ், அங்கிள்," என்றா. "பட் இது வேக்கர்ஸுக்கு உண்மையா விளங்குதா?"

கேட்டுவிட்டு, பக்கத்தில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற அன்புராசா அண்ணையைத் திரும்பிப் பார்த்தா. அவர் கோப்பையை வைத்தார்.

"விளங்குது பிள்ளை. குரல் நல்லாய்த்தான் இருக்கு," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி மாக்கஸ், கேக்கோணும் எண்டு இருந்தனான். இவ்வளவு நாளும் கழட்டிப்போட்டுத்தான் நாங்கள் கழுவினது. உம்மட வீடியோ பூட்டிப்போட்டுக் கழுவச் சொல்லுது. மூடி மூடிக்கிடந்தா ஆரும் சுவிட்சைப் போட்டா ஓடுமெல்லோ. எது சரி?"

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இதை நீங்கள் தெளிவாகக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் நான் நேர்மையாகச் சொல்ல வந்திருக்கிறேன். விளங்கவில்லை என்று சொன்னால் என் மேல் குறைந்த பிழைதான் வரும். ஆனால் விளங்கியது. யூஜினி எப்படி வாசித்தா, அவர்கள் எப்படிக் கேட்டார்கள், அந்தப் படம் ஏன் வரவில்லை, எல்லாம் ஒன்றாக விளங்கியது. தனுஷிகா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"வீடியோவிலை சொல்லுறபடி செய்யுங்கோ அண்ணை," என்றேன். "அதுதான் சரி."

அவர் தலையாட்டினார். தன்னைவிடப் படித்தவன் சொல்கிறான் என்ற தலையாட்டல் அது. தனுஷிகாவும் தலையாட்டினா.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. வீட்டுக்கு வந்ததும் யூஜினியை உட்கார வைத்தேன். மின்சாரத்தை நிறுத்துங்கள், ஆழியில் மாங்காய்ப்பூட்டைப் போடுங்கள், திறப்பை உங்கள் பையில் வையுங்கள், மெஷினைக் கழட்டிவிட்டுக் கழுவுங்கள் என்று புதிதாக எழுதி வாசிக்க வைத்தேன். ஏன் மாற்றுகிறீர் என்று கேட்டா. இன்னும் தெளிவாக இருக்கட்டும் என்றேன். அந்த இடத்துக்கு மட்டும் படத்தைக் குறைக்காமல் முழுதாக வைத்தேன். நெட்வேர்க் தாங்குமோ என்று பயந்தேன், வீட்டில் பரீட்சித்துப் பார்த்தபோது தாங்கியது. முதலே தாங்கியிருக்கும் போல. அந்த வார முடிவுக்குள் சரியான வீடியோ என் கொம்பியூட்டரில் தயாராக இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் இராசரத்தினத்தின் எல்லா ரீவிக்கும் போய்விடும்.

அழுத்தவில்லை. அன்புராசா அண்ணை சும்மா இருக்க மாட்டார். "பார்த்தீரே, நான் கேட்டது சரிதானே" என்று பத்துப்பேருக்குச் சொல்வார். அதில் வஞ்சகம் இருக்காது, சந்தோசத்தில்தான் சொல்வார். அது இராசரத்தினத்தின் காதுக்குப் போகும், அங்கிருந்து தனுஷிகாவுக்குப் போகும். ஒஷாவா ஒப்பந்தம் கைச்சாத்தாகட்டும், பிறகு மாற்றலாம் என்று இருந்தேன். கைச்சாத்தானது. அங்கே ரீவிகளைப் பூட்டி முடிக்கும் வேலை வந்தது, அது முடியட்டும் என்று இருந்தேன். தினமும் காலையில் இன்றைக்கு மாற்ற வேண்டும் என்று நினைப்பேன், பின்னேரம் களைத்துப்போய் வருவேன். நாளைக்கு என்ற நினைப்பு மனிதனுக்கு எவ்வளவு ஆறுதலைத் தருகிறது என்பது அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது.

துர்க்கா வேலைக்குச் சேர்ந்தது அந்த இடைவெளியில்தான். கனடா வந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளை. வீட்டில் பெண்களுக்கு நூலால் புருவம் எடுத்துவிட்டுக் கொஞ்சம் உழைத்தா, ஒரு சின்னக் கடை போட வேண்டும் என்ற ஆசை. மற்றவர்கள் பழக்கத்தில் சில நாள் கழட்டியும் கழுவுவார்கள். துர்க்கா புதிது, வீடியோவில் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தா. அன்றும் கொழுக்கியைப் பூட்டி, மூடியை மூடி, வாய்க்குள்ளால் வலது கையைத் தோள்வரை விட்டு அடியில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தா. குனிந்து நின்றதில் மா மூடைகளுக்குப் பின்னால் ஆள் தெரியவில்லை. அன்புராசா அண்ணை வந்து பார்த்தார். மூடி மூடியிருந்தது. கழுவி முடிந்துவிட்டது என்று நினைத்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

அவவின் கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டி வந்தது.

எனக்கு இராசரத்தினம் போன் பண்ணினார். நான் கெனடி வீதியில் ஒரு கோப்பிக்கடையின் வாகனத் தரிப்பிடத்தில் இருந்தேன். அங்கேயே கொம்பியூட்டரை மடியில் வைத்துத் திறந்தேன். பழைய வீடியோவை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். திகதியையும் பழைய திகதியாக்கினேன். என் மென்பொருள்தானே, நான் சொல்வதைக் கேட்கும். கையில் இருந்த கோப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அந்த வேலைதான் அத்தனை வாரமாகச் செய்ய முடியாமல் இருந்தது. முடிந்ததும் நான் கோப்பியைக் குடித்தேன். அழவும் செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த நாள் தொழில்துறைப் பரிசோதகர் வந்தபோது வீடியோ அழகாக ஓடியது. ஆழி, மாங்காய்ப்பூட்டு, திறப்பு, எல்லாம் அசையும் படமாக வந்தன. வேலை செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண், "உப்பிடிச் சொல்லேல்லை," என்றா. இராசரத்தினம் அவவைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டா. பாவம், அவர்களில் யாருக்கும் தாங்கள் கேட்டதில் உறுதியில்லை. நான் முதலே சொன்னேனே, அவர்கள் வீடியோவைப் பார்ப்பதில்லை. அதுவே அவர்களைப் பேசவிடாமல் செய்தது.

அன்புராசா அண்ணை மட்டும் பரிசோதகரிடம், "நான் மாக்கஸிட்டைக் கேட்டனான்," என்று சொல்லியிருக்கிறார். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் மறுக்கவில்லை. ஓம், கேட்டவர், வீடியோவில் சொல்கிறபடி செய்யச் சொன்னேன் என்றேன். உண்மை அதுதான். தனுஷிகாவைக் கேட்டார்கள், அவவும் அதையேதான் சொன்னா. வீடியோ இப்போது சொல்வது வேறு. ஆகவே, சரியானதைச் செய்யச் சொல்லியும் செய்யாத பொறுப்பாளர் என்று அவர் பெயரில் வழக்கு வந்தது. இராசரத்தினம் வேலையால் நிறுத்தினார். இந்த விசாரணை முழுவதிலும் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. வேண்டுமானால் என் பழைய வாக்குமூலத்தை எடுத்துப் பாருங்கள்.

துர்க்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். போக வேண்டிய கட்டாயம் இல்லை. மனம் கேட்கவில்லை, போனேன். அப்பிள் வாங்கிக்கொண்டு போனேன், அதை வெட்டித் தின்ன இரண்டு கை வேண்டும் என்பது கட்டிலருகில் நின்றபோதுதான் தோன்றியது. பரிசோதகர் அவவுக்கும் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டியிருந்தார்.

"அண்ணா, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை," என்றா. "பூட்டிப்போட்டுக் கழுவு எண்டு கேட்டமாதிரித்தான் எனக்குக் கிடக்கு. நித்திரையிலையும் அந்த அன்ரின்ரை குரல் அப்பிடித்தான் கேக்குது. ஆனா அவை போட்டுக் காட்டேக்கை சுவிட்சை நிப்பாட்டு, திறப்பை எடு எண்டெல்லோ சொல்லுது. எனக்கு மண்டை பிழைச்சுப்போச்சோ தெரியேல்லை."

"மருந்தாலை அப்பிடி இருக்கும் பிள்ளை," என்றேன். "நோவுக்குக் குடுக்கிற மருந்து ஞாபகத்தைக் குழப்பும்."

அவ இடது கையால் போர்வையை இழுத்துவிட்டா.

"அப்ப நான்தான் வடிவாக் கேக்கேல்லை. என்னாலை அன்புராசா அங்கிளுக்கும் வழக்கு. உங்கடை வீடியோவுக்கும் கெட்ட பேர். குறை நினைக்காதேங்கோ அண்ணா."

"பரவாயில்லை பிள்ளை," என்றேன்.

அதற்கு வேறென்ன பதில் சொல்வது என்று நான் இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அவவின் கை திரும்பி வரப்போவதில்லை. இருக்கிற நோவுக்கு மேல் ஒரு மனிதன் மேல் கோபத்தையும் அவ ஏன் சுமக்க வேண்டும். அன்று எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பூசைக்கு அன்புராசா அண்ணை தவறாமல் வந்தார். எங்களுக்கு இரண்டு வாங்கு முன்னால், பெஞ்சு ஓரத்தில் இருப்பார். சமாதானம் சொல்லும் நேரம் எல்லோரும் பக்கத்திலிருப்பவருக்குக் கை கொடுப்போம். அவர் திரும்பி எனக்கும் கை கொடுப்பார். முந்தி இறுக்கிப் பிடிக்கிறவர், இப்போது விரல் நுனியை மட்டும் தந்தார். "இந்தக் கையாலைதான் பொத்தானை அமத்தினனான்" என்று யூஜினியிடம் ஒரு நாள் சொன்னாராம். நற்கருணை அப்பமாகிய நன்மையை எடுக்க வரிசை போகும்போது அவர் எழும்ப மாட்டார். வாங்கிலேயே முழங்காலில் நிற்பார். தனக்கு அந்தத் தகுதி இல்லை என்று அவருக்கு எண்ணம். நான் அவரைத் தாண்டிப் போய் நன்மை எடுத்துக்கொண்டு வருவேன். போகாமல் இருந்தால் யூஜினி ஏன் என்று கேட்பா.

அவவும் ஒரு தரம் கேட்டா. "நான் முதல் வாசிச்சதுதான் ஓடினதோ?"

"இல்லை," என்றேன். "நீர் திருத்தி வாசிச்சதுதான்." அது மட்டும் பொய். ஆனால் அது வீட்டுக்குள் சொன்னது.

நான் பிடிபட்டது என் மென்பொருளின் நல்ல குணத்தால். ஒவ்வொரு ரீவியும் தன் பிரதியைத் தன்னிடமே வைத்திருக்கும் என்று சொன்னேனே. பெண்கள் உடுப்பு மாற்றும் அறையில் ஒரு ரீவி இருக்கிறது. குளிர்காலத்தில் அதன் வயரைச் சுவரிலிருந்து கழட்டிவிட்டு அந்தத் துளையில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்திலைச் செருகியிருக்கிறார்கள். நான் புதிய வீடியோவை அனுப்பியபோது அது அணைந்து கிடந்தது. போன கிழமை கேத்தில் பழுதாகி யாரோ ரீவியைத் திரும்பவும் செருக, அது புதியதைத் தேடிப் போகும் முன் தன்னிடமிருந்த பழையதை ஓடவிட்டிருக்கிறது. நெட்வேர்க் மெதுவாக இருந்தாலும் திரை வெறுமையாக இருக்கக்கூடாது என்று நான்தான் அப்படிச் செய்து வைத்தேன். சப்பாத்து மாற்றிக்கொண்டிருந்த புனிதவதி என்ற பெண் கேட்டிருக்கிறா. பரிசோதகர் வந்த அன்று 'உப்பிடிச் சொல்லேல்லை' என்றவ அவதான். உடனே போனில் பதிவு செய்து அன்புராசா அண்ணைக்கு அனுப்பிவிட்டா.

அவர் உங்களிடம் வரும் முன் எனக்குத்தான் போன் பண்ணினார். திட்டவில்லை. பின்னால் யூஜினியின் குரல் ஓடியது, கழுவ முன்னர் மெஷினைப் பூட்டுங்கள் என்று.

"தம்பி," என்றார். "அப்ப நான் கேட்டது சரிதானே?"

"ஓம் அண்ணை," என்றேன்.

பெரிய மனிதன் ஒருவன் விம்மி விம்மி அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் போனை வைக்கும் வரை நானும் வைக்கவில்லை. அந்த மரியாதையாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. உங்கள் ஆட்கள் இன்று காலை வீட்டுக்கு வந்தபோது நான் உடுப்பு மாற்றி, சப்பாத்துப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தேன். ஒருவிதத்தில் நிம்மதி. அவர் மேலுள்ள வழக்கை எடுத்துவிடுங்கள். துர்க்காவிடமும் யாராவது போய், அவ கேட்டது சரிதான் என்று சொல்லுங்கள். இவை இரண்டும் நடக்க வேண்டும் என்றுதான் இவ்வளவையும் எழுதினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. காலையில் நீங்கள் ஸ்காபரோவைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள், ஆகவே நான் சொல்லவில்லை. ஒஷாவா ஆலையில் நான் பூட்டிக் கொடுத்த ரீவிகளில் இப்போதும் பழைய வீடியோதான் ஓடுகிறது. தனுஷிகா பார்த்து ஒப்புக்கொண்டது அதைத்தான், ஆகவே அதையே போட்டேன். அங்கே ஒரு வீடியோ மாறினால் தனுஷிகாவுக்கு உடனே தகவல் போகும்படி கேட்டு வாங்கியிருக்கிறா. துர்க்காவின் செய்தி வந்த பிறகு மாற்றியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பா. அங்கேயும் மா குழைக்கும் மெஷின்கள் உண்டு, இங்கே இருப்பதைவிடப் பெரியவை. எங்கள் ஆட்கள்தான் கழுவுகிறார்கள், சொன்னதைக் கவனமாகக் கேட்டுச் செய்கிற ஆட்கள். இந்தக் கிழமை எப்படியும் மாற்றிவிட வேண்டும் என்று இருந்தேன், அதற்குள் நீங்கள் கூப்பிட்டுவிட்டீர்கள். காலையில் முதல் வேலையாக இதைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இடையில் இருந்து தொடங்கினால் என்னைப் பற்றிப் பிழையாக நினைத்துவிடுவீர்கள், ஒழுங்காக முதலிலிருந்தே சொல்லி வருவோம் என்று நினைத்தேன். மொழிபெயர்க்கும் அம்மா சாப்பிடப் போயிருப்பதாக வாசலில் நிற்பவர் சொன்னார். அவசரப்படுத்த வேண்டாம். அங்கே மெஷின் கழுவுவது பின்னேரம்தான், அவர் ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு வந்து வாசிக்கட்டும்.